கணினித் துறையில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: கோலாலம்பூர் மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளங்கலை படிக்கும்போதே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு வேலை செய்யும் வாய்ப்பு கணினித் துறை மாணவர்களுக்குப் பல நாடுகளில் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறிய நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் செய்தி இறுதியாண்டில்தான் காதுக்கு எட்டுகிறது; அதற்குள் பெரும்பாலான வாய்ப்புகள் கைநழுவிவிடுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டி வருபவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்றவரை நேரான பதில்களைத் தந்திருக்கிறேன். முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம்.

ஆய்வுப் பயிற்சி என்றால் என்ன? பல்கலைக்கழகம் கட்டாயமாக்கியிருக்கும் தொழிற்பயிற்சியும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. தொழிற்பயிற்சியில், சைபர்ஜெயாவிலோ பாயான் லெப்பாசிலோ உள்ள ஒரு நிறுவனம் தன் அன்றாட வேலையில் ஒரு பகுதியை உங்களிடம் ஒப்படைக்கும். அது எப்படி முடிய வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆய்வுப் பயிற்சியில், மேற்பார்வையாளருக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று உங்கள் கையில் தரப்படும். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் கட்டுரைகளைப் படிப்பதிலும், முன்பிருந்த மாணவர் எழுதிவிட்டுப் போன நிரலை உங்கள் கணினியில் ஓடவைப்பதிலும் கழியும். பிறகு, எடுத்துக்காட்டாக, கட்டுரையில் 91 விழுக்காடு என்று அச்சாகியிருக்கும் துல்லியம் உங்களிடம் 84 விழுக்காடாக வந்து நிற்கும். தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்த முறை மாறியதா, நிரல் நூலகத்தின் பதிப்பு மாறியதா, அல்லது கட்டுரையிலேயே ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொரு சோதனையையும் குறித்து வைத்து, வாராந்தரக் கூட்டத்தில் விளக்குவீர்கள். இறுதியில் ஒரு சுவரொட்டியோ சிற்றறிக்கையோ உருவாகும். கட்டுரை வெளிவந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வந்தால் நல்லது, வராதது குறையாகாது.

‘பிரதிநிதித்துவம் குறைந்த மாணவர்கள்’ என்கிறார்களே, அதில் நாங்கள் அடங்குவோமா?

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் இந்தப் பெயரில் வரும் நிகழ்ச்சிகள் பெண்கள், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர், உடற்குறையுடையோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து உருவானவை. கணினித் துறையைப் பொறுத்தவரை ஆசியர்கள் அங்கே பொதுவாக இந்தப் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே விண்ணப்பத்தில் ஆசியர் என்று குறியிட்டால் போதும் என்று எண்ணுவது சரியாகாது.

மலேசியாவின் நிலைமை அமெரிக்காவைப் போன்றதன்று. பினாங்கில் களப்பணி செய்த சுவீடன் ஆய்வாளர் ஒருவர், மேற்கு நாடுகளில் ஆண்கள் நிறைந்திருக்கும் கணினி அறிவியல் வகுப்பறைகள் இங்கே பெண்களால் நிறைந்திருப்பது ஏன் என்று ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார். ஆகவே, இங்கே ஒரு மாணவி தான் பெண் என்பதை மட்டும் எழுதினால் முழுப் படமும் கிடைக்காது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. அந்தச் சிறுபான்மைக்குள்ளும் பி40 எனப்படும் வருமானம் குறைந்த குடும்பம், தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பம், தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகச் செலவிட்ட மாணவர், மாற்றுத்திறனாளி எனப் பல நிலைகள் உண்டு. விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை இந்தக் குறிப்பான உண்மைகளே. உங்கள் வகுப்பில், உங்கள் ஆய்வுக்கூடத்தில் உங்கள் பின்னணி கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்; தேர்வுக் குழுவினருக்கு மலேசியாவைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வு அனுபவம் தரும் ஆர்இயு (REU) நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறநிறுவனம் 1987 முதல் நடத்தி வரும் இந்த நிகழ்ச்சியின் பணம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. இங்கே அமெரிக்கப் பட்டமாற்றுத் திட்டத்தில் படித்து, மீதி ஆண்டுகளுக்கு அங்கே சென்றிருப்பவர்களுக்கும் இதே விதிதான். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தம் சொந்த நிதியிலிருந்து வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதுண்டு. ஒருங்கிணைப்பாளருக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம். 2025இல் அந்த அறநிறுவனம் பன்மைத்துவம் சார்ந்த பல மானியங்களை இடையிலேயே நிறுத்தியதால், பழைய பட்டியல்களை நம்பி நாள்களை வீணாக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு உறவினர் புலனத்தில் அனுப்பிய டாட் வைஸ், இந்திய அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு நிகழ்ச்சி ஆகியவை எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும், ஜெர்மனி செல்ல உதவும் வைஸ் இந்தியாவில் படிக்கும் மாணவர்களுக்கானது. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துவதும் அப்படியே. செய்தி தமிழில் வந்தது என்பதற்காக நமக்கானது என்று கொள்ளாமல், முதலில் குடியுரிமை விதியைப் படியுங்கள்.

அப்படியானால் மலேசியக் குடிமக்களுக்கு உண்மையிலேயே திறந்திருப்பவை எவை?

நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. மிக அருகில் இருப்பது சிங்கப்பூர். அங்குள்ள ஏ-ஸ்டார் ஆய்வு நிறுவனம், சிப்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் விருதின் வழி வெளிநாட்டு இளங்கலை மாணவர்களைக் குறைந்தது இரண்டு மாதத்துக்குத் தன் ஆய்வுக்கூடங்களில் சேர்த்துக்கொண்டு மாத உதவித்தொகை தருகிறது. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரம் என்பதால், முதல் தடவை வெளியே செல்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் ஏற்று, பயணச் செலவையும் தங்குமிடத்தையும் கவனித்துக்கொள்கிறது. சவூதி அரேபியாவின் செங்கடல் ஓரத்தில் இருக்கும் காவுஸ்ட் பல்கலைக்கழகத்தின் வருகை மாணவர் நிகழ்ச்சி மூன்று முதல் ஆறு மாதம் வரை நடக்கும். அது எல்லா நாட்டவருக்கும் உரியது, ஆனால் உயர்ந்த சிஜிபிஏ (ஒட்டுமொத்தத் தரப்புள்ளி) கேட்பார்கள்.

ஐரோப்பாவில் சூரிச் இடிஎச் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வு நல்கை வழங்குகிறது; போட்டி மிகக் கடுமை. வியன்னாவுக்கு அருகிலுள்ள ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்பக் கழகம் எட்டு முதல் பன்னிரண்டு வாரப் பயிற்சி தருகிறது. நம் மாணவர்கள் தவறவிடக் கூடாது என்று நான் கருதுவது ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் நடத்தும் கேக்டஸ் பயிற்சியாகும். அறிவியல் வாழ்வைத் தொடரப் பெருந்தடைகளைச் சந்திக்கும் மாணவர்களுக்கென்றே அது அமைந்தது. மூன்று மாதம், செலவு முழுவதும் அவர்களுடையது. விண்ணப்பம் முந்திய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும்.

வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஆய்வைவிடத் திறந்த மூல மென்பொருள் சார்ந்தவை என்றாலும் ஆய்வுக்குழுக்கள் இவற்றை மதிக்கின்றன. அவுட்ரீச்சி நிகழ்ச்சி தம் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் பிரதிநிதித்துவம் குறைந்தவர்களுக்காகவே நடத்தப்படுகிறது. மூன்று மாத வேலைக்கு 7,000 அமெரிக்க டாலர் தருகிறது, ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதன் முதல் கட்ட விண்ணப்பத்தில் உங்கள் பின்னணியைப் பற்றியும் சந்தித்த பாகுபாட்டைப் பற்றியும் நீண்ட பதில்கள் கேட்கப்படும்; அதைத் தாண்டியவர்கள் உண்மையான ஒரு மென்பொருள் திட்டத்தில் சில வாரம் பங்களித்துக் காட்ட வேண்டும். கூகள் 2005 முதல் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் 18 வயது நிரம்பியவர்களுக்கு உரியது. உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறுபடும்.

ஒவ்வொன்றின் விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை அவரவர் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் படித்த பிறகே தொடங்குங்கள்.

அவர்களின் கோடைக்காலமும் எங்கள் தவணை விடுமுறையும் ஒத்துவருமா?

இதுதான் பலரையும் இடறவைக்கும் இடம். பல அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் தவணைத் தேர்வு ஜூன் இறுதியிலோ ஜூலையிலோதான் முடிகிறது. புதிய கல்வியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. ஜூன் தொடக்கத்திலேயே வரச் சொல்லும் நிகழ்ச்சிகள் இதனால் ஒத்துவருவதில்லை. ஆண்டுக்கு மூன்று தவணை நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்களில் விடுமுறையே சில வாரம்தான். தொடக்க நாளை மாற்றிக்கொள்ள இடம் தரும் சிப்கா, காவுஸ்ட், ஒகினாவா போன்றவை இந்தக் காரணத்தாலேயே நமக்கு ஏற்றவை. ஐரோப்பிய நிகழ்ச்சிகளில் இடம் கிடைத்தால், ஜூலை நடுவில் தொடங்கலாமா என்று உடனே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள். ஒரு தவணையை ஒத்திவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள், அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் தொகை அந்தத் தவணைக்கு நிறுத்திவைக்கப்படும் என்பதையும் கணக்கில் கொண்டு, முன்னதாகவே மாணவர் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

இதையே கட்டாயத் தொழிற்பயிற்சியாக ஏற்றுக்கொள்வார்களா?

புலத்துக்குப் புலம் மாறும். ஆய்வுக்கூடத்தை ஏற்கும் புலங்களும் உண்டு, நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பவையும் உண்டு. வார எண்ணிக்கை, வாராந்தரக் குறிப்பேடு, மேற்பார்வையாளர் கையொப்பம் ஆகியவற்றை எப்படி நிறைவுசெய்வீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துக் கேளுங்கள். வாய்மொழி ஒப்புதல் போதாது, மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? என்னிடம் எந்த ஆய்வு அனுபவமும் இல்லை.

உங்கள் சொந்த விரிவுரையாளரிடமிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வெளிநாட்டு நிகழ்ச்சிகள் கேட்கும் பரிந்துரைக் கடிதத்தில், ‘இந்த மாணவர் என் வகுப்பில் ஏ வாங்கினார்’ என்ற வரிக்கு அதிக மதிப்பில்லை. விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் ஏ வாங்கியவர்களே. ‘என் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் வேலை செய்தார், தரவில் இருந்த ஒரு பிழையைத் தாமே கண்டுபிடித்தார்’ என்று எழுதக்கூடிய ஒருவர் உங்களுக்கு வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்க ஒரு விடுமுறை போதும். மலாயாப் பல்கலைக்கழகமாயினும், புக்கிட் ஜாலிலில் உள்ள தனியார் பல்கலைக்கழகமாயினும், ஆய்வு செய்யும் விரிவுரையாளர் ஒருவராவது உங்கள் துறையில் இருப்பார். அவருடைய முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவி எப்போதும் தேவைப்படுகிறது.

நம் பிள்ளைகள் பலர் விரிவுரையாளரின் கதவைத் தட்டத் தயங்குகிறார்கள். தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதையில் வளர்ந்தவர்கள். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் பேராசிரியர் பிள்ளைகளும் டாக்டர் பிள்ளைகளும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதும் மின்னஞ்சல் சிறியதாகவும் குறிப்பானதாகவும் இருந்தால் அது தொந்தரவாகாது. ‘எனக்குச் செயற்கை நுண்ணறிவில் மிகுந்த ஆர்வம், ஏதேனும் வாய்ப்புத் தாருங்கள்’ என்ற கடிதத்துக்குப் பதில் எழுதுவது கடினம், ஏனெனில் அதில் பதில் சொல்ல எதுவுமே இல்லை. மாதிரிக்கு, கீழ்க்காணும் பொருள்பட ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதலாம்:

‘வணக்கம், டாக்டர். சென்ற தவணை தங்கள் தரவுக் கட்டமைப்பு வகுப்பில் படித்த இரண்டாம் ஆண்டு மாணவி நான். சாலைக் கேமராப் படங்களில் மோட்டார் சைக்கிளைக் கண்டறிவது பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மூன்றாம் அட்டவணையில் மழைநேரப் படங்களுக்குத் துல்லியம் குறைகிறது. அது கண்ணாடியில் படியும் நீரினாலா, வெளிச்சக் குறைவினாலா என்று பிரித்துப் பார்க்கப்பட்டதா? இல்லையென்றால், விடுமுறையில் வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கி அந்தப் படங்களைத் தரம்பிரித்துத் தர என்னால் முடியும். செவ்வாய் அல்லது வியாழன் தங்களைப் பத்து நிமிடம் சந்திக்கலாமா?’

கட்டுரையைப் படித்தேன் என்பதற்கு அட்டவணை எண்ணே சான்று. செய்யக்கூடிய ஒரு சிறு வேலையும் அதில் இருக்கிறது. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

என் சிஜிபிஏ 3.1தான். விண்ணப்பித்துப் பயனுண்டா?

காவுஸ்ட் போன்ற சில இடங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அங்கே பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டாம். அவுட்ரீச்சியும் சம்மர் ஆஃப் கோடும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் நீங்கள் செய்து காட்டும் வேலையைப் பார்க்கின்றன. மற்ற இடங்களில், முதலாண்டில் சரிந்து பிறகு ஏறிய மதிப்பெண்ணுக்குக் காரணம் இருந்தால், அதைப் பரிந்துரைப்பவர் ஒரு வரியில் சொல்வது, நீங்கள் ஒரு பத்தியில் சொல்வதைவிட எடுபடும்.

பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி?

கடைசி நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள். ‘எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?’ என்று கேட்பது நல்லது. தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரை நாடுங்கள். ஒப்புக்கொண்டவருக்கு நிகழ்ச்சியின் விவரம், கடைசி நாள், உங்கள் நோக்க அறிக்கை, அவரிடம் நீங்கள் செய்த வேலைகளின் சிறு குறிப்பு ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். சிலர், ‘நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பார்கள். அப்படிக் கேட்டால், கடிதத்தை எழுதாமல், நடந்த வேலைகளை நாள்வாரியாகக் குறித்துக் கொடுத்து, வாசகத்தை அவரிடமே விட்டுவிடப் பணிவாகக் கேளுங்கள். மாணவர் எழுதிய கடிதத்தைத் தேர்வுக் குழுவினர் எளிதில் கண்டுகொள்வார்கள்.

நோக்க அறிக்கையில் குடும்பக் கஷ்டத்தை எழுதலாமா? இரக்கம் தேடுவதுபோல் ஆகிவிடாதா?

எழுதலாம், கேட்கும் இடங்களில் எழுதத்தான் வேண்டும். ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்து பல இன்னல்களைக் கடந்து வந்தேன்’ என்ற வரி யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. ‘அப்பா இரவுநேரப் பாதுகாவலர், வீட்டில் இருந்த ஒரே கணினியைத் தம்பியும் நானும் முறைவைத்துப் பயன்படுத்தியதால், என் முதலாண்டுத் திட்டப்பணியின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழக நூலகம் மூடும் நேரத்துக்குள் எழுதி முடித்தேன்’ என்ற வரியில் வேலை செய்யும் ஒருவர் தெரிகிறார். சூழ்நிலையைச் சொல்லும் ஒவ்வொரு வரியையும், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற வரி தொடர வேண்டும். அறிக்கையின் பெரும்பகுதி ஆய்வுக் கேள்வியைப் பற்றியதாகவே இருக்கட்டும். பெற்றோரின் வேலையை எழுத வெட்கப்படும் மாணவர்களை நான் பார்க்கிறேன். அந்த வெட்கத்துக்கு எந்தக் காரணமும் இல்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் தெரிந்திருப்பது கணினி ஆய்வுக்கு உதவுமா?

மிகவும் உதவும், இதை நம்மவர்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள். ‘வணக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனிக் குறியீடாக எண்ணப்படுவதால் ஏழு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால் 21 பைட். மலாயில் ரோமன் எழுத்தில் எழுதும் ‘செலாமாட்’ (selamat) என்ற வாழ்த்துக்கு ஏழு பைட் போதும். மொழி மாதிரிகள் உரையைத் துண்டாக்கும்போது இந்த வேறுபாட்டால் தமிழ்ச் சொற்கள் பல துண்டுகளாகச் சிதறுகின்றன. அதனால் செலவும் கூடுகிறது, பிழையும் கூடுகிறது. எங்கே வெட்டினால் பொருள் கெடாது என்பது தமிழ் படித்த மாணவருக்குக் கண்ணாலேயே தெரியும்.

மலேசியத் தமிழ் இன்னொரு சுரங்கம். ‘நாளைக்குக் கெலாஸ் பத்தாலாம் லா’ (நாளைக்கு வகுப்பு ரத்தாம்) என்று நண்பருக்கு அனுப்பும் ஒரு வரியில் மலாய்ச் சொற்கள், தமிழ் விகுதி, நம் ஊர்ப் பேச்சின் அசை எல்லாம் கலந்திருக்கின்றன. அதையே பலர் ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். தமிழ்நாட்டுத் தரவில் பழகிய கருவி இந்த வரியில் தடுமாறும். திராவிட மொழித் தொழில்நுட்பத்துக்கென 2021 முதல் நடக்கும் திராவிடியன்லாங்டெக் பயிலரங்கில் கலப்புமொழி உரை முக்கியப் பொருளாக இருக்கிறது. மலேசியப் பேச்சைத் தொகுத்துக் குறியிட்ட ஒரு சிறு தரவுத்தொகுப்பே இளங்கலை மாணவருக்குத் தகுந்த பங்களிப்பு. 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கியது இந்த மண்ணில். தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்தது. ஆகவே இந்தத் துறையில் நாம் புதிதாக நுழைபவர்கள் அல்லர்.

ஆங்கிலம் சரளமாக வராது. தடையாகுமா?

எழுத்தில் தெளிவு இருந்தால் போதும். ஆங்கிலவழிப் படிப்பு என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கும். நம் நாட்டு ஆங்கிலத் தேர்வான மூயட் மதிப்பெண்ணை வெளிநாட்டில் எல்லோரும் அறிந்திருக்க மாட்டார்கள். இணையவழி நேர்காணலுக்கு முன் உங்கள் திட்டப்பணியை மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

விமானச் சீட்டை நிகழ்ச்சியே வாங்கித் தருகிறதா, நீங்கள் வாங்கிய பிறகு திருப்பித் தருகிறதா என்பதை முதலில் கேளுங்கள். திருப்பித் தரும் முறையில், கைக்காசு இல்லாத குடும்பம் பல ஆயிரம் ரிங்கிட் கடன் வாங்க நேரிடும். முன்பணம் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கென நடத்துபவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட் ஆகும். அதை இப்போதே எடுத்துவையுங்கள். முதல் மாத உதவித்தொகை பெரும்பாலும் அந்த மாத இறுதியில்தான் வரும் என்பதால், மூன்று நான்கு வாரச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் தொகை வேண்டும். இடம் உறுதியான கடிதம் கையில் இருந்தால், பல்கலைக்கழகத்தின் அனைத்துலக உறவு அலுவலகத்திலும், முன்னாள் மாணவர் சங்கத்திலும், மித்ரா போன்ற அரசாங்க அமைப்பிலும் விசாரிக்கலாம். கோயில் நிர்வாகங்களும் சமூக மன்றங்களும் சில வேளைகளில் உதவுகின்றன. எழுத்து மூலமாகவும் கணக்கோடும் கேளுங்கள்.

உதவித்தொகையே இல்லாத பயிற்சிகளும் உண்டு. வசதியுள்ளவர்கள் மட்டும் ஏற்கக்கூடிய அந்த முறையை என்னால் ஆதரிக்க இயலவில்லை. உங்களிடமும் பரிந்துரைக்க மாட்டேன்.

விசா?

ஷெங்கன் நாடுகளில் மலேசியர்கள் 90 நாள் விசா இன்றித் தங்கலாம் என்பது சுற்றுலாவுக்குப் பொருந்தும். உதவித்தொகை பெற்று வேலை செய்வதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டாம் என்றாலும், ஆய்வுக்கூடத்தில் சேர உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். அமெரிக்காவுக்கு, அழைக்கும் நிறுவனம் டிஎஸ்-2019 படிவத்தை அனுப்பிய பிறகே ஜே-1 விசாவுக்கு விண்ணப்பித்து, துன் ரசாக் சாலையிலுள்ள தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்ல முடியும். எல்லா நிலையிலும், எந்த அனுமதி வேண்டும் என்பதை அழைப்பவரே எழுத்தில் சொல்ல வேண்டும்.

மகளைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பெற்றோரின் தயக்கம் நியாயமானது; அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட மாட்டேன். தங்குமிடம் வளாகத்துக்குள்ளா, அறை தனியா பகிர்ந்ததா, ஆய்வுக்கூடத்திலிருந்து இரவில் எப்படித் திரும்புவது, மருத்துவக் காப்புறுதி யாருடையது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற ஐந்து கேள்விகளை மகளே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலை உங்களிடம் காட்டட்டும். பொறுப்பான நிகழ்ச்சி இவற்றுக்கு உடனே பதில் சொல்லும், மழுப்பினால் போகாதீர்கள். சைவ உணவு கிடைக்குமா என்பதையும் கேட்கலாம். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், முதலாண்டு உள்ளூர் ஆய்வுக்கூடத்திலோ வீட்டிலிருந்தோ பயிற்சி எடுத்து, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் செல்வது நல்ல வரிசை. அம்மாக்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அண்ணனை அனுப்பியிருப்பீர்கள் என்றால், தங்கையின் கடிதத்தையும் அதே அளவுகோலால் பாருங்கள்.

ஒரு முகவர் ‘ஆய்வுப் பயிற்சியும் கட்டுரை வெளியீடும் உறுதி’ என்று 3,000 ரிங்கிட் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன நிகழ்ச்சிகள் உங்களுக்குப் பணம் தருபவை, உங்களிடம் வாங்குபவை அல்ல. கட்டணம் வாங்கும் கோடைக்காலப் பள்ளிகள் சில நல்ல பல்கலைக்கழகங்களில் நடக்கின்றன. அவை வகுப்புகள், ஆய்வுப் பயிற்சி ஆகா.

போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறேன். எனக்கு ஏதேனும் உண்டா?

இளங்கலை என்று வரையறுத்த நிகழ்ச்சிகளில் சேர முடியாது. சம்மர் ஆஃப் கோட் 2022 முதல் மாணவர் அல்லாதவர்களையும் ஏற்கிறது. அவுட்ரீச்சிக்கும் பட்டப்படிப்பு கட்டாயமில்லை. பட்டப்படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்குக் காலம் குறைவாக இருக்கும் என்பதால், சேர்ந்த முதல் தவணையிலேயே விரிவுரையாளரை அணுகுங்கள்.

எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது. இனி?

மறுப்பு வந்த மின்னஞ்சலுக்கு நன்றி தெரிவித்து, ஆய்வுக்குழுத் தலைவரின் பெயர் தெரிந்திருந்தால், அவருக்குத் தனியாக எழுதுங்கள். பல நிகழ்ச்சிகளில் இடம் நிதியால் குறைகிறதேயன்றி, உங்களை விரும்பிய பேராசிரியர் இல்லாமல் இல்லை. இணையவழி சிறு வேலை ஒன்றில் சேர்த்துக்கொள்ள அவர் முன்வரக்கூடும். உள்ளூர் விரிவுரையாளரிடம் தொடங்கிய வேலையை நிறுத்தாதீர்கள். அதை இறுதியாண்டுத் திட்டப்பணியாக வளர்க்க முடியுமா என்று பாருங்கள். முதல் தடவை எழுதிய நோக்க அறிக்கையையும், யார் கடிதம் எழுதினார் என்ற விவரத்தையும் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். அடுத்த சுற்று விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பரில் திறக்கத் தொடங்கும். அக்டோபரில் புதிய தவணை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பை விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, எந்தப் பகுதி வலுவில்லாமல் இருந்தது என்று கேளுங்கள்.